கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்

பயப்படாதீர்கள் அக்கா, திருடன் இல்லை. உள்ளே வாருங்கள். மாடி வரைக்கும் கேட்டதா? எவர்சில்வர் டம்ளரில் கூழாங்கல்லைப் போட்டு யாரோ குலுக்குகிற மாதிரி ஒரு கடகடப்பு, நடுவில் ஒரு செருமல், சட்டென்று அடங்கி மறுபடியும் ஆரம்பிக்கும். அதுதானே? இருட்டில் யாரோ கிரில்லை அறுக்கிறார்கள் என்று நினைத்துவிட்டீர்களா? அப்படித்தான் தோன்றும். டார்ச்சை அணைத்துவிட்டு உட்காருங்கள். அது என் வீட்டுக்காரர். பின்பக்கத்து ஷெட்டில் காரை வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்தால் இதே வேலை. நீங்கள் குடி வந்த இந்த நாலு நாளும் வண்டி பட்டறையில் கிடந்தது, அதனால் தெரியவில்லை. இனிமேல் தினமும் கேட்கும். வீட்டு ஓனர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். எங்களிடம் அவர் தண்ணீர் வராது என்பதைச் சொல்லவில்லை.

காபி போடட்டுமா? வேண்டாமா? சரி, பாப்பாவுக்குப் பால் கலக்கி வைத்திருக்கிறேன், கொடுத்துக்கொண்டே பேசுகிறேன். யாரிடமாவது பேசியாக வேண்டும் எனக்கு. இல்லாவிட்டால் அந்த ஷெட்டுக்குப் போய் எதையாவது உடைத்துவிடுவேன். குன்னூரில் கான்வென்டில் படித்தவள் நான். கெட்ட வார்த்தை வாயில் வராது. வந்திருந்தால் இவ்வளவு கோபம் சேர்ந்திருக்காது.

விஷயம் இதுதான். நாளைக்குக் கோத்தகிரியில் என் தம்பிக்கு நிச்சயதார்த்தம். அந்த வண்டியில் என்னையும் இந்தப் பிள்ளையையும் உட்கார வைத்து மலை ஏற்றப் போகிறாராம். நான் மாட்டேன் என்கிறேன். அவ்வளவுதான் சண்டை. ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் நான் ஏன் மாட்டேன் என்கிறேன் என்பது புரியும். சும்மா பிடிவாதம் என்று நினைத்துக்கொள்வீர்கள், என் மாமியார் நினைக்கிற மாதிரி. அந்த அம்மாவுக்கு நான் எது பேசினாலும் ஒரே பதில்தான். "கான்வென்ட்டு புள்ளையல்லோ, அப்படித்தான் பேசும்."

இவர் பேர் திருமூர்த்தி. சொந்த ஊர் உடுமலைப் பக்கம். இங்கே ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். பம்புக்குள்ளே சுற்றுகிற சக்கரம் இருக்கிறதே, இம்பெல்லர், அதை வரைகிறவர். நல்ல வேலை. புத்திசாலி. இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். குடிக்க மாட்டார், சிகரெட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையானால் காரைக் கழற்றுவார். கல்யாணமான புதிதில் எனக்கும் அது அழகாகத்தான் இருந்தது. கை முழுக்க கிரீஸோடு வந்து நிற்பார், நான் சோப்பு எடுத்துக் கொடுப்பேன். முதலில் காற்று இழுக்கிற குழாயை மாற்றினார். மைலேஜ் கூடியது, நிஜமாகவே கூடியது. என் புருஷன் கம்பெனிக்காரனையே மிஞ்சிவிட்டார் என்று அம்மாவிடம் போனில் பீற்றிக்கொண்டேன். அந்த வாயைத்தான் தைக்க வேண்டும்.

அதோடு நிறுத்தினாரா? கார் பைத்தியங்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், வாட்ஸாப்பில். எல்லாரும் படித்தவர்கள், எல்லாருக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. யாராவது ஒருவன் சைலன்சரை மாற்றினால் அடுத்தவனுக்குத் தூக்கம் வராது. அந்தக் குழுவில் எவனோ ஃப்ளைவீலைப் பற்றிப் பேசியிருக்கிறான்.

ஃப்ளைவீல் தெரியுமா? எனக்கும் தெரியாது. கான்வென்டில் எம்ப்ராய்டரி சொல்லிக் கொடுத்தார்கள், ஃப்ளைவீல் சொல்லிக் கொடுக்கவில்லை. இன்ஜினுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற இரும்புச் சக்கரம் அது. பார்வைக்குத் தோசைக்கல், தூக்கினால் அம்மிக்கல். ஏன் அவ்வளவு கனம் என்றால், இன்ஜின் விட்டு விட்டுத்தான் துடிக்குமாம். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் நின்றுபோகாமல் அந்தக் கனம்தான் சுழற்றிக்கொண்டு போகுமாம். இதையும் இவர்தான் எனக்குச் சொன்னார், சாப்பாட்டுத் தட்டைச் சுழற்றிக் காட்டி. சொல்லிவிட்டு அதே மூச்சில், அந்தக் கனத்தைக் குறைக்கப் போகிறேன் என்றார்.

"எதுக்குங்க?" என்றேன்.

"கனம் குறைஞ்சா ஆக்ஸிலேட்டர்ல கால வெச்ச உடனே எகிறும்."

"கம்பெனிக்காரனுக்கு அது தெரியாதா?"

அப்போதுதான் அந்தச் சொற்பொழிவு. எனக்கு மனப்பாடம். "கம்பெனிக்காரன் எல்லாருக்கும் பொதுவா பண்றான் அம்மிணி. ராஜஸ்தான் வெயில்ல ஓட்டறவன், ஷில்லாங் மழையில ஓட்டறவன், கிளட்ச் எங்க இருக்குன்னே தெரியாதவன், அத்தனை பேருக்கும் ஒரே அளவு. எனக்குன்னு அவன் பண்ணலியே. எனக்கு வேணும்னா நான்தான் பண்ணிக்கோணும்."

எவ்வளவு திமிர் பாருங்கள். ஒரு கம்பெனி முழுக்க உட்கார்ந்து வருஷக்கணக்காக ஓட்டிப் பார்த்துச் செய்ததை, இவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருத்துகிறார்.

கணபதி ஏரியாவில் லோகு அண்ணன் என்று ஒருவர், இரும்பைச் சுழற்றிச் சீவுகிற லேத் வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோய்ச் சக்கரத்தைச் சீவிக்கொண்டு வந்தார். வந்து எதில் எடை போட்டார் தெரியுமா? பாப்பாவின் தராசில். டாக்டர் இவளுக்கு எடை ஏறவில்லை என்று சொன்ன அன்றைக்கு அழுதுகொண்டே நான் ஆர்டர் போட்ட தராசு அது, குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி வெள்ளைத் தட்டு வைத்தது. அதில் அந்த இரும்பை வைத்துப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிடுகிறார். "இங்க வா, வந்து பாரு. பாப்பாளும் இதும் ஒரே வெயிட்டு." முகமெல்லாம் சிரிப்பு. அது இளைத்து அந்த எடைக்கு வந்திருக்கிறது, இவள் ஏறமாட்டாமல் அந்த எடையில் நிற்கிறாள். அதற்குச் சிரிக்கிறார். அன்றைக்குத் தட்டை எத்தனை தடவை கழுவினேன் என்று கேட்காதீர்கள். அப்படியும் மறுநாள் பாப்பாவின் சட்டையில், முதுகுப் பக்கம் கறுப்பாக வட்டம். அந்தச் சட்டையை அப்படியே அவருடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன். "மை வெச்சியா?" என்று கேட்டார்.

கொஞ்சம் இருங்கள், இவளுக்குப் புரை ஏறுகிறது. தட்டினால் சரியாகிவிடும். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை கண்ணு.

எங்கே விட்டேன்? ஆம், மலை. உண்மையைச் சொல்ல வேண்டும், அவிநாசி ரோட்டில் அந்த வண்டி பறந்தது. சிக்னலில் பச்சை விழுந்தால் நாம் அந்தப் பக்கம் இருப்போம், பெரிய பெரிய வண்டியெல்லாம் பின்னால் நிற்கும். ஆனால் நாங்கள் சிக்னலிலா குடியிருக்கிறோம்? போன மாதம் அம்மாவைப் பார்க்கக் கோத்தகிரி கிளம்பினோம். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் போன லாரி திணறி நின்றது. இவரும் வேகத்தைக் குறைத்தார். அவ்வளவுதான், இன்ஜின் அணைந்தது. கனம் இல்லையே, எது சுழற்றிக்கொண்டு போகும்? வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது அக்கா. பாப்பா என் மடியில். பின்கண்ணாடி முழுக்க கவர்மென்ட் பஸ்ஸின் முகம். பஸ் டிரைவர் ஹாரனில் கை வைத்தவர் எடுக்கவே இல்லை. இவர் பிரேக்கை மிதித்துக்கொண்டு சாவியைத் திருகுகிறார், கிளப்புகிறார், காலை எடுக்கிறார், மறுபடி அணைகிறது, மறுபடி உருள்கிறது.

கண்டக்டர் குதித்து ஓடி வந்து சக்கரத்துக்குப் பின்னால் ஒரு கல்லை உருட்டி வைத்தார். வைத்துவிட்டு ஜன்னலில் குனிந்து கேட்கிறார். "என்ன சார், வண்டி புதுசா, ஓட்டறது புதுசா?"

இவர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? அவருக்குப் பாடம் எடுக்கிறார். ஃப்ளைவீலின் எடை குறைந்தால் இன்ஜினை எப்போதும் உயர்ந்த வேகத்திலேயே வைத்திருக்க வேண்டும், முன்னால் லாரி நின்றதால்தான் இப்படி ஆகிவிட்டது, தப்பு லாரியின் மேல் என்று. கண்டக்டர் பொறுமையாகக் கேட்டார், பாவம். கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும் சார். கல்லு மேல ஏறாம எடுங்க" என்றார்.

நான் கதவைத் திறந்து இறங்கினேன். பையை எடுத்தேன், பாப்பாவை எடுத்தேன், அந்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன். பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தார். பயத்தில் இறங்கவில்லை, நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குப் பயமே கிடையாது. கோபம். அம்மா வீட்டுக்கு நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். இவர் பாதி வழியெல்லாம் நின்று நின்று வந்தார். என் தம்பி வாசலில் நின்று, "மாப்ள, பஸ்ஸுக்குக் காசு பத்தலியா?" என்று கேட்டுவிட்டான். அதுதான் ஆகவில்லை அவருக்கு. நாங்கள் பின்னால் உருண்டது பெரிதில்லை, அவன் சிரித்ததுதான் பெரிது.

அதற்கப்புறமாவது புத்தி வந்திருக்க வேண்டாமா? ஷோரூமில் புதிய சக்கரம் கிடைக்கும், வாங்கி மாட்டுங்கள் என்று கெஞ்சினேன். "அப்பறம் நான் தோத்த மாதிரி ஆயிருமே" என்கிறார். யாரிடம் தோற்பது? அந்தச் சக்கரத்தை வரைந்தவனுக்கு இவர் ஒருவர் உலகத்தில் இருப்பதே தெரியாது.

லோகு அண்ணனுக்கு நானே போன் போட்டேன். "அண்ணா, அந்த இரும்பைத் திரும்ப ஒட்டிக் கொடுக்க முடியுமா?"

"ஏனுங் தங்கச்சி, சீவுனது சீவுனதுதானுங். மறுக்கா ஒட்டுனா சுத்தறப்ப ஒரு பக்கமா இழுக்குமுங்."

"அப்புறம் எதற்கு அண்ணா சீவினீர்கள்?"

"சாரு டிராயிங் கொண்டாந்தாருங்க. டிராயிங் இருந்தா நாங்க சீவிருவமுங்."

இந்த ஊரே இப்படித்தான் போலிருக்கிறது. ஒரு டிராயிங்கைக் காட்டினால் கோபுரத்தையும் சீவிக் கொடுத்துவிடுவார்கள்.

இதில் இன்னொரு கூத்து கேளுங்கள். போன வாரம் ஆபீஸிலிருந்து வரும்போதே செருப்பை வீசி எறிந்துகொண்டு வந்தார். டீ கொடுத்தேன், வேண்டாம் என்றார். தாராபுரத்துப் பக்கம் யாரோ ஒரு விவசாயி, கரண்ட் நிறைய இழுக்கிறது என்று இவருடைய பம்பைப் பிரித்து, இம்பெல்லரை லேத்தில் கொடுத்து ஓரத்தைச் சீவிவிட்டாராம். இப்போது தண்ணீர் மேலே ஏறவில்லை, பம்பை மாற்றிக் கொடுங்கள் என்று வந்து நிற்கிறாராம். இவருக்கு உடம்பெல்லாம் நடுங்குகிறது. "நாங்க என்ன முட்டாப்பயலுகளா? ஒவ்வொரு வளைவும் கணக்குப் போட்டு வெச்சது. வருஷக்கணக்கா டெஸ்ட் பண்ணது. எவனோ ஒருத்தன் வந்து ரெண்டு சுத்து சீவிட்டு, கம்பெனிக்காரனுக்கு என்ன தெரியும்ங்கறான்."

நான் சிரிக்கவில்லை அக்கா, சத்தியமாகச் சிரிக்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டேன். "கார் கம்பெனியிலயும் ஒரு திருமூர்த்தி உட்கார்ந்திருப்பாருல்லங்க? அவருக்கும் இப்படித்தான உடம்பு நடுங்கும்?"

வேண்டாம் என்ற டீயை எடுத்துக் குடித்தார். "அது வேற, இது வேற" என்றார். எழுந்து ஷெட்டுக்குப் போய்விட்டார். படித்த மனிதர் சொல்கிற பதிலா இது?

இப்போது என்ன செய்து வைத்திருக்கிறார் என்றால், இன்ஜின் சும்மா நிற்கும்போதே வேகமாக ஓடுகிற மாதிரி ஏதோ திருகி விட்டிருக்கிறார். அணையாமல் இருக்குமாம். அதனால்தான் அந்தக் கடகடப்பு. கனமான சக்கரம் அடக்கி வைத்திருந்த ஆட்டமெல்லாம் இப்போது கியர் பெட்டிக்குள் போய் இரைகிறது. ஒன்றைத் திருத்துவார், அது இன்னொன்றைக் கெடுக்கும், அதைத் திருத்துவார்.

நாளைக்கு அந்தக் குழுவிலிருந்து இரண்டு வண்டி எங்களுக்குப் பின்னாலேயே மலைக்கு வருகிறதாம். கேமரா வைத்துப் படம் எடுக்கிறார்களாம். மத்தியானம் சாப்பிடும்போது சர்வ சாதாரணமாகச் சொல்கிறார். "காலி வண்டிய எவன் வேணா ஏத்திருவான்ங்கறானுக. குடும்பத்தோட ஏறிக் காட்டறேன்னு சொல்லிட்டேன்." சொல்லிவிட்டாராம். என்னைக் கேட்கவில்லை. குழந்தையைக் கேட்க முடியாது, சரி. என்னைக் கேட்கலாமே. நான் பஸ்ஸில் போகிறேன் என்றேன். "மறுக்கா பஸ்ஸுல ஏறி என்ற மானத்த வாங்கப் போறியா?" என்கிறார். மானமாம். அந்த வளைவில் கீழே எவ்வளவு ஆழம் என்று எட்டிப் பார்த்தவள் நான். கண்ணை மூடினால் அந்த பஸ்ஸின் முகம்தான் வருகிறது. பயமில்லை. ஆனால் வருகிறது.

மறுபடி புரை ஏறுகிறதா? வேகமாகக் குடிக்கிறாள், அதனால்தான். கொஞ்சம் வாயால் எடுப்பாள், அப்புறம் சரியாகிவிடும். அந்தத் துண்டைக் கொடுங்கள். என்ன அக்கா, பாட்டிலை அப்படித் திருப்பிப் பார்க்கிறீர்கள்? ஆம், நிப்பிள் ஓட்டையை நான்தான் பெரிதாக்கினேன். தையல் ஊசியை அடுப்பில் காய்ச்சிக் குத்தினேன். போட்டிருந்த ஓட்டையில் சொட்டு சொட்டாகத்தான் வருகிறது, இவள் உறிஞ்சி உறிஞ்சிக் களைத்துத் தூங்கிப்போகிறாள். எடை எப்படி ஏறும்? இப்போது பாருங்கள், நிமிஷத்தில் பாட்டில் காலி.

டாக்டரா? அவரும் உங்களை மாதிரிதான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாந்தி எடுப்பதே அதனால்தான், தூக்கிப் போடுங்கள், வயசுக்குத் தகுந்த ஓட்டையோடு கம்பெனியே விற்கிறான், வாங்குங்கள் என்றார். அவர் பார்க்கிற எல்லாக் குழந்தைக்கும் சொல்வதைச் சொல்கிறார். பாட்டில் கம்பெனிக்காரன் ஊர் உலகத்துக் குழந்தைக்கெல்லாம் சேர்த்து ஒரே ஓட்டை போடுகிறான். இவளுக்கென்று போடவில்லையே. இவள் வாய் எனக்குத்தானே தெரியும்?

இதைப் பார்த்து, இரும்பைக் குடைகிற பாஷையில் இவர் கேலி வேறு பண்ணுகிறார். "எத்தனை எம்.எம். போர் பண்ணிருக்கறீங்க மேடம்?" என்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது வேறு, இது வேறு. இரும்பும் குழந்தையும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். வீட்டில் சமைத்தாயிற்று என்றுதானே சொன்னீர்கள்?

சத்தம் நின்றுவிட்டது. கேட்டீர்களா? அணைத்துவிட்டார். இப்போது வருவார் பாருங்கள். செருப்புச் சத்தம் அதோ.

"அம்மிணி. ஏ அம்மிணி. பாப்பாளத் தூக்கிட்டு வா, மேம்பாலத்துல ஒருக்கா ஏறி எறங்கிட்டு வந்தர்லாம். லோடு இல்லாம செட்டிங் சரியா தெரிய மாட்டேங்குது."

லோடு. காதில் விழுந்ததா அக்கா? என்னையும் இவளையும்தான் சொல்கிறார். அரிசி மூட்டையைச் சொல்கிற மாதிரி. வீட்டில் ஒரு சிப்பம் அரிசி இருக்கிறது, அதைத் தூக்கி வைத்துக்கொள்ளலாமே. வைக்க மாட்டார். சக்கரத்தையும் இவளையும் ஒரே தட்டில் எடை போட்டவர்தானே.

வரமாட்டேன். ஆம், உங்களுக்குத்தான் சொல்கிறேன், வெளியே நிற்கிறவருக்கு. இன்றைக்கும் வரமாட்டேன், நாளைக்கும் வரமாட்டேன். விடிந்ததும் காந்திபுரத்தில் முதல் பஸ். நீங்கள் உங்கள் சிநேகிதர்களை ஏற்றிக்கொண்டு வாருங்கள், அவர்களும் எடையோடுதான் இருப்பார்கள். படம் நன்றாக வரும்.

"யாரு உள்ள? மாடிக்காரங்களா? ஏனுங்க, நீங்களாவது கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. நான் எல்லாம் கணக்குப் போட்டுத்தான் பண்ணிருக்கறேன். ஒண்ணும் ஆவாது."

கணக்காம். அக்கா, பாப்பாவைக் கொஞ்சம் பிடியுங்கள். தலையைத் தாங்கிப் பிடியுங்கள், ஏதோ எடுக்கிற மாதிரி முகத்தைச் சுளிக்கிறாள். தோளில் போட்டுக்கொண்டால் சமாதானமாகிவிடுவாள். பாட்டில் அங்கேயே இருக்கட்டும், அதை ஏன் தூர வைக்கிறீர்கள்? இன்னும் பாதி இருக்கிறது.

கதவை அவர் கை வைத்துத் தள்ளுகிறாரா, இல்லை காற்றா? கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் வெளியே நிற்கும்போது இந்தக் கதவை நான் சாத்தியதில்லை. நீங்கள் உள்ளே இருப்பது தெரியும், இருங்கள், அப்புறம் திறந்து விடுகிறேன், உங்களை ஒன்றும் செய்துவிட மாட்டேன். பயத்தில் சாத்தவில்லை. கோபத்தில் சாத்துகிறேன். மேல் தாழ்ப்பாள் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஏற மாட்டேன் என்கிறது. இதோ, ஏறிவிட்டது. கீழ்த் தாழ்ப்பாளும் போட்டாயிற்று.